வயர் இல்லாத பெட்டி

என் அண்ணி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் வலித்துவிட்டது. பில்டிங் சர்வீசஸ் இன்ஜினியர் என்றால், "அப்படின்னா?" என்பார்கள். கட்டடத்துக்குள்ளே ஓடுகிற காற்று, தண்ணீர், கரண்ட், கழிவு, லிஃப்ட், தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும் குழாய் எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டு, ஓட வைத்து, ஒழுங்காக ஓடுகிறதா என்றும் பார்க்கிற வேலை என்று அம்மா மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பாள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, "ஓ, பிளம்பரா?" என்பார்.

சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே. அவர் வீட்டு ஏசியில் தண்ணீர் சொட்டினால் அண்ணிக்குத்தான் போன் வரும். "நீ படிச்சது இதுதானேம்மா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்." அண்ணி அலட்டிக்கொள்ள மாட்டாள். "வரேன் மாமா. ஆனா நான் முப்பது மாடிக் கட்டடத்துக்குத்தான் ஏசி பாப்பேன். நீங்க மொதல்ல வீட்டை முப்பது மாடி ஏத்திட்டுக் கூப்பிடுங்க."

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நாத்தனார் என்றால் அண்ணியைக் குறை சொல்ல வேண்டும் என்று யாரோ விதி எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் யார் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்பேன். என் அண்ணியைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் அண்ணன் சும்மா இருப்பான், நான் இருக்க மாட்டேன்.

அண்ணன் அவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவள் சோபாவில் உட்காரவில்லை. நேரே சமையலறைக்குப் போய், புகையை வெளியே தள்ளுவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த ஃபேனுக்கு நேராக உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் கண்ணால் ஜாடை காட்டினான். அவள் கையை எடுக்கவில்லை.

"ஆன்ட்டி, இது காத்தை வெளிய தள்ளலை. உள்ள தள்ளுது. தலைகீழா மாட்டியிருக்காங்க."

பல வருஷமாக அம்மா அந்தச் சமையலறையில் இருமிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய உடம்பு வாகு என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பாவே ஒரு டாக்டர் மாதிரி சொன்னதால் நாங்களும் நம்பியிருந்தோம். அண்ணி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். அன்றைக்கே அம்மா அண்ணி கட்சிக்குப் போய்விட்டாள்.

அண்ணிக்கு அந்தப் பழக்கம் போகவே இல்லை. ஹோட்டல், கல்யாண மண்டபம், வங்கி, எங்கே போனாலும் முதலில் காற்று வருகிற இடத்துக்குக் கீழே நின்று கையைத் தூக்குவாள். பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி, தெரியாதவர்கள் மாதிரி நிற்போம்.

அவள் ஏன் இந்தப் படிப்புக்குப் போனாள் என்பதற்குப் பெரிய கதை கிடையாது. சின்ன வயதில் அவர்கள் குடியிருந்தது ஒரு கட்டடத்தின் கடைசி மாடி. கீழ்வீடுகளில் தண்ணீர் கொட்டும், இவர்கள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அவளுடைய அம்மா வாளி வாளியாகத் தூக்குவார். ஏன் மேலே ஏற மாட்டேன் என்கிறது என்று அவள் கேட்டபோது, "மாடி வீடுன்னா அப்படித்தான்" என்றார்களாம். அந்த "அப்படித்தான்" என்ற வார்த்தைதான் அவளுக்கு ஆகவே ஆகாது. கம்ப்யூட்டர் படி, உட்கார்ந்த இடத்தில் வேலை என்று வீடே மல்லுக்கு நின்றபோது, தண்ணீரை மேலே ஏற்றுகிற படிப்பு எதுவோ அதைத்தான் படிப்பேன் என்று நின்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "மேடம், இந்தப் பக்கம் வராதீங்க, வழுக்கும்" என்று சைட்டில் ஒருவர் சொன்னதற்கு, "வழுக்கினா உங்களுக்கும்தானே வழுக்கும், நீங்க ஏன் நிக்கறீங்க?" என்று கேட்டவள் அவள்.

சொந்தத்தில் யாராவது பிள்ளைகளின் படிப்பு விஷயமாக வந்து, "இந்த லைன்ல ஸ்கோப் இருக்கா?" என்று கேட்டால் அண்ணி எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள். "மனுஷன் மூச்சு விடற வரைக்கும் இருக்கு."

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் நர்ஸ். அண்ணியின் கம்பெனி ஒரு புது ஆஸ்பத்திரிக்குக் காற்று, தண்ணீர், கரண்ட் வேலைகளைச் செய்தது. அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவள் மூலமாகத்தான் தெரிந்து போய்ச் சேர்ந்தேன். டயாலிசிஸ் அறையில் போட்டார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், சுற்றித் திரும்பி வரும். அதனால் அவர்களுக்கு எப்போதுமே குளிரும். அந்த அறையிலோ, தலைக்கு மேலே இருந்த ஏசி கிரில்லிலிருந்து காற்று நேராகப் படுக்கைகள் மேலேயே விழுந்தது. கையில் ஊசியோடு, அசைய முடியாமல், மணிக்கணக்காகப் பற்கள் கிட்டிக்கப் படுத்துக் கிடப்பார்கள். நான் போர்வை மேல் போர்வையாகப் போட்டுக்கொண்டே இருப்பேன்.

சுவரோரப் படுக்கை ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவருடையது. அவருக்கு அடுத்த படுக்கையில் ஒரு பேராசிரியை, இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுப்பவர். ஒரு கையில் ஊசி, மறு கையில் சிவப்புப் பேனா என்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். குளிரில் பேனா நடுங்கும். "இன்னிக்கு எல்லாருக்கும் மார்க் கோணலாத்தான் விழுது" என்பார். டிரைவர் விடாமல் புகார் கொடுப்பார். ஆஸ்பத்திரி அந்தப் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பும்.

ஒரு திங்கட்கிழமை நான் டியூட்டிக்குப் போனபோது சுவரில் புதிதாக ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. நடுவில் ஒரு திருகு, ஒரு பக்கம் நீலக் கோடு, மறு பக்கம் சிவப்புக் கோடு. குளிர் அதிகமானால் சிவப்புப் பக்கம் திருப்பலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். டிரைவரின் ஊசி போடாத கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததால் அவரே அதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். கியர் மாற்றுவதுபோல அலுங்காமல் திருப்புவார். "எல்லாரும் செட்டிலாயிட்டீங்களா? கொஞ்சம் கூட்டவா?" என்று கேட்பார். மற்றவர்கள், "இப்ப தேவலை, இப்ப தேவலை" என்பார்கள். புகார் நின்றுபோனது. எனக்கும் நிம்மதி.

அந்த வாரம் வியாழக்கிழமை ராத்திரி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "உங்க ஆளுங்க ஒருவழியா ரெகுலேட்டர் மாட்டிட்டாங்க அண்ணி. எங்க டிரைவர்தான் இப்ப அதுக்கு ராஜா" என்றேன்.

அண்ணி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எந்த ரெகுலேட்டர்?"

சொன்னேன்.

"சீலிங்கைத் திறந்தாங்களா?"

"இல்லையே."

"போர்வை குறைஞ்சுதா?"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன். அலமாரியிலிருந்து அதே போர்வைகளைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லோரும் தேவலை என்றதால் நானும் தேவலை என்றே நினைத்திருந்தேன். அண்ணி அதற்கு மேல் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு டயாலிசிஸ் அறைக்கு வந்தாள். முதலில் வழக்கம்போல கிரில்லுக்குக் கீழே நின்று கையைத் தூக்கினாள். திருகைச் சிவப்புக்குத் திருப்பச் சொன்னாள். நீலத்துக்குத் திருப்பச் சொன்னாள். கையில் பட்ட காற்று துளிகூட மாறவில்லை. பிறகு அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒன்றுமில்லை. திருகு இருந்தது, அதைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது, வயர் என்று ஒன்றுகூட இல்லை. பின்னால் சுவர்தான் தெரிந்தது.

இந்தத் தொழிலில் இது ஒரு வழக்கமாம். பெரிய ஆபீஸ்களில் ஒருவருக்குக் குளிரும், பக்கத்தில் இருப்பவருக்குப் புழுங்கும், புகார் தீரவே தீராது. அப்போது சுவரில் இப்படி ஒரு வெறும் பெட்டியை மாட்டிவிடுவார்கள். திருகினவர் மனசு ஆறிவிடும். அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம், டீ குடிக்கும்போது.

டிரைவர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்போ இத்தனை நாளா நான் ஓட்டினது இன்ஜின் இல்லாத வண்டியாம்மா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான். வியாதிக்காரர்களை ஏமாற்ற எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். அண்ணி அவர் பக்கத்தில் போய் நின்று, "எங்க கம்பெனி செஞ்சது. நான் சரி பண்றேன்" என்றாள். பெட்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய ஆபீஸில் அப்போது எப்படிப்பட்ட நேரம் என்பதைச் சொன்னால்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும். சர்வீசஸ் பிரிவின் ஹெட் பதவி காலியாக இருந்தது. அண்ணிக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. இதற்கு முன் இரண்டு முறை அவளைத் தாண்டி வேறு ஆட்களுக்குப் போன பதவி அது. அவளுக்கு அதில் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொள்ளை ஆசை. ஹெட் ஆனால் எந்த வரைபடத்தை யார் சரிபார்க்க வேண்டும், எந்தச் சோதனை முடியாமல் எந்தச் சீலிங்கையும் மூடக் கூடாது என்று பாத்திரம் துலக்கும்போதுகூட என்னிடம் திட்டம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மேனேஜரிடம் போன கதையை அன்று சாயங்காலம் எங்களுக்கு நடித்தே காட்டினாள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்காருவது, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது எல்லாம் அச்சு அசலாக.

"உக்காருங்க. ஹெட் போஸ்ட்டுக்கு உங்க பேரைத்தான் மேல சொல்லியிருக்கேன்."

"சந்தோஷம் சார். டயாலிசிஸ் ரூம்ல வெறும் பெட்டி மாட்டியிருக்காங்க."

"தெரியும், நான்தான் மாட்டச் சொன்னேன். புகார் நின்னுடுச்சில்ல?"

"புகார் நின்னுடுச்சு சார். குளிர் நிக்கலை."

"ஊர் உலகத்துல செய்யாததையா செஞ்சுட்டோம்? எத்தனை ஆபீஸ்ல பாத்திருப்பீங்க."

"ஆபீஸ்ல குளிர்னா எழுந்து வெளிய போயிடலாம். இவங்க எங்க சார் போவாங்க?"

மேனேஜர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினாராம். அறையின் குறை சரிசெய்யப்பட்டது என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய தாள். சரிபார்த்த இன்ஜினியர் என்று கீழே அண்ணியின் பெயர். "இதை முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா அடுத்த வாரம் நீங்க ஹெட். கிளறினீங்கன்னா தப்பு நம்ம மேல வரும், செலவும் நம்ம தலையில விடியும். அப்புறம் நான் உங்களுக்காகப் பேச முடியாது."

"பேனாவை வாங்கிட்டேன். மூடியைக்கூடக் கழட்டிட்டேன்" என்று சொன்னபோது அண்ணி நடிப்பதை நிறுத்தியிருந்தாள். "அப்புறம் மூடிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். "கையெழுத்தைப் போட்டுட்டு, ஹெட் ஆனதும் மொத வேலையா அந்தச் சீலிங்கைத் திறக்கக் கூடாதா? உனக்குப் பதவியும் ஆச்சு, அவங்களுக்குக் குளிரும் போச்சு."

"டேய், அதுவரைக்கும் அவங்க நடுங்கட்டுமா?" என்று நான் பாய்ந்தேன். "வா, என்னோட வந்து ஒரு நாள் அந்தப் படுக்கையில படு. வெறும் சட்டையோட."

அண்ணி எங்கள் இருவரையும் அடக்கினாள். "உங்கண்ணன் சொல்றதை நானும் யோசிச்சேன். ஆனா ஹெட் ஆனப்புறம் நான் கையெழுத்துப் போட்ட பொய்யை நானே திறக்கணும். திறப்பேன்னு நெனைக்கறீங்களா? எனக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை இல்ல." சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது. அம்மா தட்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் அண்ணி நேராக ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போய், பெட்டி வெறும் பெட்டி, தப்பு எங்கள் பக்கம், சீலிங்கைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நிர்வாகம் கம்பெனியைப் பிடித்து உலுக்கியது. வேறு வழியில்லாமல் மேனேஜர் வேலைக்கு ஆள் அனுப்பினார்.

நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமை பகலில் சீலிங்கைத் திறந்தார்கள். அண்ணி ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இறங்கிப் பழைய வரைபடத்தை விரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த அறை முதலில் மருந்துக் கிடங்காக இருக்க வேண்டியது. மருந்துகளைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று அதற்கேற்ற அளவில் காற்றை இழுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் யாரோ கிடங்கை வேறு மாடிக்கு மாற்றி, இங்கே படுக்கைகளைப் போட்டார்கள். சுவர் நிறம் மாறியது, தரை மாறியது, கதவில் பலகை மாறியது. காற்றை மட்டும் யாரும் மாற்றவில்லை. மாத்திரைப் பெட்டிகளுக்குப் போட்ட குளிரில் மனுஷர்களைப் படுக்க வைத்திருந்தார்கள்.

காற்றைக் குறைத்து, கிரில்களைப் படுக்கைகளிலிருந்து தள்ளி மாற்றி, சூடாக்கும் கருவி ஒன்றைக் காற்றுக் குழாய்க்குள் வைத்து, அதிலிருந்து வயர் இழுத்துச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற நிஜமான தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினாள். அதுவும் வெள்ளைப் பெட்டிதான். அதே இடத்தில்தான்.

திங்கட்கிழமை டிரைவர் அதைத் தொடவே இல்லை. "போதும்மா, ஒரு தடவை ஏமாந்தது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே திறந்து பாருங்க." ஒற்றைக் கையால் தட்டுத் தடுமாறித் திறந்தார். உள்ளே வயர்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் கண்ணால் தடவிப் பார்த்துவிட்டு மூடினார். சிவப்புப் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த போர்வையைக் காலால் தள்ளிவிட்டார். நான் அதை மடித்து அலமாரியில் வைத்தேன். பேராசிரியை அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட் பதவி அதே வாரம் வேறு ஒருவருக்குப் போனது. ஆபீஸில் அவருக்கு "வழவழ" என்று பெயர். எதையும் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அண்ணியைப் புகார்ப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். பம்புகள் இரையும் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. தானாகவே வேலையை விட்டுவிடுவாள் என்று மேனேஜர் கணக்குப் போட்டிருப்பார். அண்ணியோ அந்த வெறும் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து, கதவுக்கு நேர் எதிரே, உள்ளே வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஆணி அடித்து மாட்டினாள். மேனேஜர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இதை எடுத்துடுங்களேன்" என்றாராம். "உங்களோடதுதான் சார், வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றாளாம் இவள். அவர் எடுக்கவில்லை.

"விட்டுத் தொலைச்சுட்டு வேற கம்பெனிக்குப் போயேன்" என்று அண்ணன் கேட்டான்.

"போவேன். நானா போகணும்னு தோணும்போது போவேன். அவங்க தள்ளிப் போக மாட்டேன்."

சில மாதம் கழித்துப் பேராசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடைய காலேஜில் கடைசி வருஷ மாணவர்களுக்கு பில்டிங் சர்வீசஸ் இன்ஜினியரிங்கில் வேலைவாய்ப்புகள் பற்றி ஒரு கூட்டம். வழக்கமாகக் கம்பெனி மேனேஜர்தான் வந்து பேசுவாராம். இந்த முறை பேராசிரியை அண்ணிதான் பேச வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டிருந்தார். மேனேஜரை விருந்தாளியாக அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு அன்று லீவு. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஹாலில் புழுக்கம் தாங்கவில்லை. பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அண்ணி மேடைக்கு ஏறவில்லை. தன் அறையிலிருந்து கழற்றி வந்திருந்த வெள்ளைப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்துப் பக்கச் சுவரில் ஒட்டினாள். முதல் வரிசையில் மேனேஜரின் கழுத்து விறைப்பதைப் பின்னாலிருந்தே பார்த்தேன்.

"ரொம்பப் புழுங்குதுல்ல? இது வயர்லெஸ் ரெகுலேட்டர். யாராவது வந்து இதைக் கொஞ்சம் நீலத்துப் பக்கம் திருப்புங்க."

ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து வந்து திருப்பினாள். அண்ணி பேச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி, விமான நிலையம், பெரிய பெரிய கட்டடங்கள், வரைபடம் போடுகிற வேலை, சைட் வேலை, சோதனை வேலை, பராமரிப்பு வேலை, இந்தப் படிப்புக்கு எங்கெல்லாம் கதவு திறக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கொஞ்ச நேரம் போனதும், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"பரவால்ல மேடம்" என்று ஹாலே சொன்னது. விசிறிய நோட்டுகள் பல மடியில் இறங்கியிருந்தன.

அண்ணி பெட்டியைச் சுவரிலிருந்து பிய்த்து, திறந்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். "இதை ஒரு டயாலிசிஸ் ரூம்ல மாட்டியிருந்தாங்க" என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னாள். கம்பெனி பெயரையும் சொல்லவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிந்ததும் அந்த ரெட்டைப் பின்னல்காரிதான் எழுந்தாள். தான் திருப்பிய திருகு அவளை உறுத்திக்கொண்டிருந்தது என்று எழுந்த வேகத்திலேயே தெரிந்தது. "உங்களுக்கு அந்தப் போஸ்ட் கிடைச்சுதா மேடம்?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு மேடம் நாங்க இந்த வேலைக்கு வரணும்?"

"நீ வரலைன்னா வேலை நின்னுடாது. இந்தப் பெட்டியை மாட்டறதுக்குன்னே ஒரு ஆள் வருவார். அவருக்குச் சம்பளமும் வரும், பதவியும் வரும். அவர் மாட்டின ரூம்ல யாராவது படுத்திருப்பாங்க." அண்ணி மைக்கை வைத்துவிட்டாள். "வரதும் வராததும் உன் இஷ்டம்."

பேராசிரியை கைதட்டியதைப் பார்த்துப் பிள்ளைகள் தட்டினார்கள். நான் அவர்களுக்கு முன்பே தட்ட ஆரம்பித்திருந்தேன். மேனேஜர் போகும்போது அண்ணியிடம் வந்து, "இனிமே உங்களை எங்கயும் பேச அனுப்ப முடியாது" என்றார். "நீங்க அனுப்பி நான் வரலையே சார்" என்றாள் அண்ணி.

எல்லோரும் டீ குடிக்க வெளியே போனார்கள். நானும் அண்ணியும் வாசல்வரை போய்விட்டு, மறந்துபோன தண்ணீர் பாட்டிலுக்காகத் திரும்பி வந்தோம். காலியான ஹாலில் ரெட்டைப் பின்னல்காரி மட்டும் இருந்தாள். சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, ஏசி கிரில்லுக்குக் கீழே உள்ளங்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"மேடம், இதுல காத்தே வரலை. அப்படித்தான்னு நாலு வருஷமா சொல்றாங்க."

அண்ணி பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தாள். நான் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.